அறுபது பேருக்குத் தண்ணீர்

"வேதமுத்து மாமா" என்று சொல்லிப் பனையோலைப் பட்டையைக் கிணற்றுக்குள் இறக்குகிறாள் சாரம்மாள். பனைநார்க் கயிறு அவள் கைக்குள் வழுகி ஓடுகிறது. அடியில் ஓலை தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்டதும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுகிறாள். பட்டை சாய்ந்து நிறைகிறது. பிறகு கைக்கு மேல் கை வைத்து இழுப்பு. வந்த தண்ணீரை மண்குடத்தில் ஊற்றி, குடத்தை இடுப்பில் ஏற்றி, மேற்கு வேலியோரம் நிற்கும் முதல் தென்னம்பிள்ளையின் குழியில் கவிழ்த்துவிட்டுத் திரும்புகிறாள். "எஸ்தர் அத்தை" என்று அடுத்த பட்டை இறங்குகிறது.

முதல் நாள் இதைக் கேட்டபோது ஏதோ செபம் என்று நினைத்து, மரியாதையாகத் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "செபம் எல்லாம் வீட்ல வச்சு முடிஞ்சுது ஐயா. இது எண்ணிக்கை" என்றாள்.

சாரம்மாளுக்கு இருபதுக்கு மேல் எண்ண வராது. ஆனால் நன்மைபுரம் மேலத்தெருவை, மேற்குக் கடைசி வீட்டிலிருந்து கோயில் வாசல் வரை, தலைவாரியாக ஒப்பிப்பாள். "எண்ணத் தெரியாது. தெருவைத் தெரியும்லா" என்பது அவள் பேச்சு. அவளுடைய துண்டு நிலத்தில் அறுபது தென்னம்பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு பெயருக்கு ஒரு பட்டை. தெருவில் அன்று இருந்தது ஐம்பத்தேழு தலைதான். மிச்சம் மூன்றுக்கு இறந்துபோன மாமனாரையும், இறந்துபோன புருஷனையும், பழைய உபதேசியார் ஏறி வந்த மட்டக்குதிரையையும் சேர்த்து ஈடுகட்டினாள். குதிரைக்கு முறை வரும்போது அவள் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இராது. எனக்குத்தான் அடக்க முடியாது.

அவள் பிறந்த ஊரில் நீர் இறைப்பவர்கள் பாட்டுப் பாடித்தான் எண்ணுவார்களாம். அந்தப் பாட்டு பிள்ளையாரைக் கூப்பிட்டுத் தொடங்கும். குடும்பம் கிறிஸ்து வேதத்துக்கு வந்த பிறகு உபதேசியார் பாட்டை நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் வேறொன்றைத் தர மறந்துவிட்டார். பாட்டுப் போன இடத்தில் தெரு வந்து உட்கார்ந்துகொண்டது. புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்பதால் அவர் முறை வரும்போது "அவுக" என்பாள். தன் முறை வரும்போது "நான்" என்பாள். மற்ற எல்லோருக்கும் அவரவர் முறைப்பேர் உண்டு, மாமா, அத்தை, அண்ணாச்சி, மைனி என்று.

தாது வருஷப் பஞ்சத்தில் கைப்பிள்ளையாக இருந்தவள். அந்தக் கணக்குப்படி இன்று நாற்பது ஆகவில்லை. பார்த்தால் ஐம்பது சொல்லலாம். இடது தோள் வலது தோளைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கும். உள்ளங்கை காய்த்துப்போய், அடுப்புத் தணலைக் கையாலேயே எடுத்துப் போடுகிறாள். காதுகள் தோள் வரை தொங்குகின்றன, அவற்றில் ஒன்றும் இல்லை. "என் பாம்படம் இந்தக் கிணத்துக்குள்ளதான் கெடக்கு" என்பாள். விற்று, அடியில் இருந்த சுக்கான் பாறையை உடைக்கக் கூலியாள் வைத்தாளாம். மற்றபடி கிணறு முழுவதும் அவளும் புருஷன் ஞானையாவும் கையால் தோண்டியது. தேரிச் செம்மணல் தோண்டத் தோண்டச் சரியும். பனந்தூரைப் பிளந்து சுற்றிலும் நெருக்கி அடித்து அதைக் கட்டி நிறுத்தினார்கள். ஐந்து ஆள் ஆழத்தில் தண்ணீர் கண்டது. அந்த வருஷத்து வாந்திபேதியில் ஞானையா போய்ச் சேர்ந்தார்.

மிஷன் பங்களாவிலிருந்து ஓர் இரும்பு வாளி அவளுக்குக் கொடுத்தோம். அதை வீட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, உள்ளே உப்புப் போட்டு வைத்திருக்கிறாள். கேட்டால், "அது போற போக்குல கிணத்தை இடிக்குது ஐயா. ஓலைன்னா பைய எறங்கும்" என்கிறாள். பத்து நாளைக்கு ஒரு பட்டை கிழியும். சனிக்கிழமை மத்தியானம் புது ஓலையை நனைத்து மடித்துப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்போது யார் பேச்சுக் கொடுத்தாலும் பதில் வராது.

நான் யார் என்று இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். மிஷன் பங்களாவில் ரைட்டர். ஆழ்வார்திருநகரியில் பிறந்து, தாமிரபரணியில் முங்கிக் குளித்து வளர்ந்தவன். தண்ணீர் என்றால் படிக்கட்டில் இறங்கினால் கிடைக்கும் வஸ்து என்று முப்பது வயது வரை நினைத்திருந்தேன். துரை இந்தத் தேரியோரத்து நிலத்தைப் பதினொரு துண்டாக்கிப் பதினொரு குடும்பத்துக்குக் கொடுத்தார். ஒரு நிபந்தனை. துண்டுக்கு அறுபது தென்னம்பிள்ளை வைக்க வேண்டும். மூன்றாம் வருஷம் பங்குனி கடைசியில் குறைந்தது ஐம்பது உயிரோடு நிற்க வேண்டும். நின்றால் நிலம் அவர்களுக்கே. நிற்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். எண்ணி எழுத வேண்டியவன் நான்.

தென்னம்பிள்ளைகளுக்குத் தங்கள் பெயர் இருக்கும் விஷயம் ஊருக்குத் தெரியும். தெரிவது மட்டுமா, வேலியோரம் நின்று தங்கள் தங்கள் பிள்ளையை விசாரிப்பார்கள். "என்னுது எப்படி இருக்கு சாரம்மா?" என்றால், "கீழ்மட்டையில வண்டு வச்சிருக்கு மைனி, பயப்படாதிய" என்று பதில் வரும். ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டார் முதலில் இங்கே ஓடி வந்து குருத்தைப் பார்த்துவிட்டுத்தான் வைத்தியரிடம் போவார்கள். உபதேசியார் இதை அவிசுவாசம் என்று கோயிலில் கண்டித்தார். மறுநாள் விடியற்காலையில் அவரும் வேலியோரம் நின்றதை நான் பார்த்தேன். தெருவில் புதிதாகப் பிள்ளை பிறந்தால் சாரம்மாள் கணக்கில் ஏற்ற மாட்டாள். "அதுக்குத் தாயோட தண்ணி போதும்." யாராவது இறந்தால் கணக்கிலிருந்து இறக்கவும் மாட்டாள்.

மூன்றாம் வருஷம் வடகிழக்கு மழை பொய்த்தது. மாசி பிறக்கும்போது கிணறு ஐம்பது பட்டைக்கு மேல் தர மறுத்தது. ஐம்பத்தோராவது பட்டையில் சேறுதான் வரும். பிறகு மறுநாள் விடியும் வரை காத்திருக்க வேண்டும். சாரம்மாள் அந்த ஐம்பதை அறுபது பேருக்குப் பிரித்து ஊற்றினாள். பதினைந்து நாளில் அறுபதும் மஞ்சள் அடித்துப்போயின.

நான் ரைட்டர், கழித்தல் தெரிந்தவன். அவளிடம் போய்ச் சொன்னேன். "அம்பது நின்னாப் போதும்னுதானே துரை எழுதியிருக்காக. கிணறும் அம்பதுதான் தருது. பத்தை விட்டுரு சாரம்மா."

"யாரை விட?" என்றாள்.

"கடைசிப் பத்தை."

"கடைசிப் பத்துன்னா மணியடிக்கிற கோயில்பிள்ளை வீடு. அவுக மருமக எட்டு மாசம். ஐயா வந்து அவகிட்டச் சொல்லுதீகளா?"

நான் குடையை விரித்துக்கொண்டு பங்களாவுக்கு வந்துவிட்டேன்.

நாலு பேரை அன்று மாலையே அவள் விட்டாள். மாமனார், அவுக, குதிரை, அவளுடைய "நான்". "செத்தவுக தாகம் தாங்குவாக. எனக்குக் குடிக்க வீட்ல தண்ணி இருக்கு" என்றாள். இன்னும் ஆறு பேர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சனம் வெளியே வரும்போது வேப்பமரத்தடியில் நின்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். "இந்தக் கோடைக்கு உங்க பேரை விட்டுக்கிடட்டா?"

கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. கேட்கப்பட்டவர்களுக்கு அப்படி இல்லை. பெயருக்குத் தண்ணீர் நின்றால் ஆளுக்கு என்ன ஆகும் என்பது அவரவர் நெஞ்சில் உள்ள பயம். எழுபது வயது ஆசீர்வாதம் மட்டும், "எனக்கு எதுக்குட்டி இனித் தண்ணி, விட்டுரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒருவர் தன் பேர் நிற்கட்டும், பெண்சாதி பேரை எடுத்துக்கொள் என்றார். அன்று அவர் வீட்டில் மத்தியானம் அடுப்பு எரியவில்லை. கோயில்பிள்ளையின் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சாரம்மாள் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். பொழுது சாய்வதற்குள் ஐந்து பேர் இசைந்தார்கள்; மற்றவர்கள் மாட்டேன் என்றார்கள்.

ஆறாவது ஆளுக்காகக் கடைசியில் பாக்கியசீலனைக் கேட்டாள். அவர் சபைப் பஞ்சாயத்தில் ஒருவர், வாட்டசாட்டமான மனிதர். இந்தத் துண்டைத் தன் மச்சினனுக்கு வாங்க ஆரம்பத்திலிருந்தே கண் வைத்திருந்தார். கிணறு தோண்டும்போதே "இது நிக்காதுவே" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். சாரம்மாள் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "என் பேரு நிக்கட்டும். ஒன் துண்டு நிக்குதான்னு பங்குனி கடைசியில பார்ப்போம்" என்றார்.

இனி அவளுக்கு மிச்சம் ஒரே ஒரு ஆள்தான், மகன் மாசிலாமணி. தூத்துக்குடியில் தோணி ஏறிக் கொழும்புக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு கடையில் வேலை. அவன் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். ஐந்து மாசமாகக் கடிதம் இல்லை. தபால்காரன் வரும் நாளில் பங்களா வாசலில் நிற்பாள். நான் உதட்டைப் பிதுக்கியதும் திரும்பிப் போய்விடுவாள். மாசிலாமணி பேருள்ள பிள்ளைதான் அந்தத் துண்டிலேயே செழிப்பானது. ஒரு சொட்டுக் கூடுதலாக ஊற்றினாள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் குழியில் மட்டும் குடத்தைக் கவிழ்க்காமல், மணல் கலையாதபடி குனிந்து ஊற்றுவாள்.

எனக்குக் கோபமாக வந்தது. "பாக்கியசீலனை விட்டுத் தொலை. யாருக்குத் தெரியப் போகுது" என்றேன்.

"வேண்டாம்னு சொன்ன பெறவு எப்படி விட?"

"அப்போ ஒன் மகனையா விடப் போறே?"

அவள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "அவன்கிட்டக் கேக்க வேண்டாம் ஐயா. என் பிள்ளை" என்றாள். மறுநாள் காலையில் அவன் பேர் வரும் இடத்தில் வாய் ஒரு முறை திறந்து மூடியது. பட்டை அடுத்த பேருக்கு இறங்கியது. எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறேன். அந்த மூடிய வாயைப் பார்த்ததைப் போல வேறெதுவும் என்னை உலுக்கியதில்லை.

செழிப்பான பிள்ளை சாக நாளாகும். மாசிலாமணியின் மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கி, பங்குனி நடுவில் குருத்து வெளுத்து, பிறகு காய்ந்தது. சாரம்மாள் தினமும் அதைத் தாண்டித்தான் குடத்தோடு போய்வந்தாள். சுற்றிப் போக வழி இருந்தது. அவள் சுற்றிப் போகவில்லை. பாக்கியசீலனின் பிள்ளையோ முழுப் பட்டை குடித்தும் தேறவில்லை. வேரில் புழு விழுந்திருக்க வேண்டும். அவள் குழியைக் கிண்டிச் சாம்பலும் வேப்பம் பிண்ணாக்கும் போட்டாள், ஓலையால் நிழல் கட்டினாள். "அண்ணாச்சிக்கு இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று அதனிடம் கேட்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். அதில் கேலி இல்லை.

குறித்த நாள் காலையில் மூன்று பேர் போனோம். நான், உபதேசியார், பஞ்சாயத்தின் சார்பில் பாக்கியசீலன். வேலிக்கு வெளியே மேலத்தெரு முழுவதும் நின்றது. சாரம்மாள் முன்னால் நடந்து பேரைச் சொல்ல, நான் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே போனேன். காய்ந்த பத்துக்கும் அவள் பேரைச் சொல்லத்தான் செய்தாள். சொல்லிவிட்டு, "இது இல்லை" என்று தானே கைகாட்டிவிட்டு நடந்தாள். பாக்கியசீலனின் பிள்ளையிடம் வந்ததும் உபதேசியார் இருமினார். அதைப் பிறகு பார்ப்போம் என்று தாண்டிப் போனோம்.

கடைசியில் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்பது கோடுகள். திரும்பி நடந்து அந்த ஒன்றின் முன்னால் நின்றோம்.

மட்டைகள் இரண்டு பழுத்திருந்தன. குருத்து பாதி பழுப்பு. இதற்கு எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிட்டால் பிள்ளை செத்தது. வராவிட்டால் உயிர் இருக்கிறது. இழுக்க வேண்டியவன் நான்தான். என் கை நீளவில்லை. துஷ்டத்தனமா, கோழைத்தனமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை, "அண்ணாச்சி பேருள்ளது. அண்ணாச்சியே இழுத்துப் பாரும்" என்றேன்.

பாக்கியசீலனின் மனைவி முன்னால் வந்து வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு சாரம்மாளைப் பார்த்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை; குழியில் காலையில் ஊற்றிய தண்ணீர் இறங்கிவிட்டதா என்று மணலைக் காலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் முன்னால் அன்று அதற்குத்தான் ஊற்றியிருந்தாள்.

அவர் குனிந்து குருத்தை இரண்டு விரலால் பிடித்தார். பச்சைக் குழந்தையின் விரலைப் பிடிப்பது போலப் பிடித்தார். இழுத்தாரா என்று கேட்டால், கை அசைந்தது என்று மட்டும் சொல்வேன். நிமிர்ந்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உயிரு கெடக்குவே. எழுதும்" என்றார்.

நான் ஐம்பதாவது கோட்டைப் போட்டேன். சரியாகத்தான் இழுத்தாரா என்று நான் மறுபடி சோதிக்கவில்லை. அதற்கு வேண்டுமானால் துரை என்னைக் கேட்டுக்கொள்ளட்டும். பாக்கியசீலன் அதனால் திருந்திவிட்டார் என்று யாரும் எண்ண வேண்டாம். மறு வாரமே வேலி தன் பாதைக்குள் ஒரு முழம் வந்துவிட்டதென்று அதே சாரம்மாளோடு சண்டைக்கு நின்றார்.

எல்லோரும் கலைந்த பிறகும் நான் மையை மூடிக்கொண்டு அங்கேயே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்றிருந்தது. "நிலம் இனி ஒனக்கு" என்றேன். அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, தலையை ஆட்டிவிட்டுப் பட்டையை எடுத்தாள். "வேதமுத்து மாமா" என்று தொடங்கினாள். வெயில் பனை உயரம் ஏறிவிட்டது. மேலத்தெருவை வீடு வீடாக இறைத்துக் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

முடிந்தது என்று நினைத்தேன். அவள் கயிற்றைச் சுருட்டவில்லை. கிணற்று விளிம்பில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை நாழிகை போயிருக்கும். பிறகு பட்டையை இறக்கினாள், ரொம்பப் பைய. மேலே வந்தபோது பாதியளவுதான் இருந்தது, செம்மண் கலங்கிய தண்ணீர். அதைக் குடத்தில் ஊற்றாமல் பட்டையோடு இடுப்பில் அணைத்துக்கொண்டு காய்ந்த குழிகளுக்குப் போனாள்.

ஒவ்வொரு குழியிலும் குனிந்து ஒரு கை அள்ளி விட்டாள். "ஆசீர்வாதம் தாத்தா" என்றாள். இசைந்த மற்ற நாலு பேரையும் சொன்னாள். மாமனார், அவுக, குதிரை. ஓலையிலிருந்து ஒழுகிய தண்ணீர் அவள் சேலையை நனைத்துக்கொண்டிருந்தது. செழிப்பாக நின்ற இடத்தில் இப்போது குச்சியாக நின்றதன் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அள்ளி, மணல் கலையாதபடி விட்டாள். "மாசிலாமணி" என்றாள். குரல் எங்கும் இடறவில்லை.

கடைசிக் குழிக்கு வந்தபோது பட்டையில் ஒன்றும் இல்லை. அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். "நான்" என்று சொல்லி, ஈரக் கையை அந்தக் குழியின் மேல் உதறினாள்.